மூக்கில்லாத ஜீப்: எஃப்சி 150 பெட்ரோல் இன்ஜினை வைத்துக்கொள்வதா, டீசல் மாட்டுவதா?

ஏலக்காடு, உடும்பன்சோலை

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் 1971 மாடல் மகிந்திரா எஃப்சி 150 பிக்கப் இருக்கிறது. இன்ஜின் மேலேயே கேபின் உட்கார்ந்திருக்கும் வண்டி. இந்தப் பக்கத்தில் மூக்கில்லாத ஜீப் என்றால்தான் தெரியும். 1983-இல் கம்பத்தில் ஒரு தோட்டத்துக்காரரிடமிருந்து அப்பா வாங்கினார். உரம், வேப்பம்புண்ணாக்கு, பச்சைக்காய், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு விறகு எல்லாம் இதில்தான் வந்தன. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வண்டியை நான் எடுத்து ஓட்டுகிறேன்.

பிரச்சினை இதுதான். போடியில் உரம் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும்போது, அந்த 17 கொண்டை ஊசியில் முன்பெல்லாம் பெரும்பாலும் செகண்டிலேயே வந்துவிடும். இப்போது எட்டாவது வளைவுக்கு மேல் ஃபர்ஸ்ட் போட்டால்தான் நகர்கிறது. டெம்பரேச்சர் முள் மேலே போகிறது. ஐடிலில் சைலன்சர் பக்கம் கை வைத்தால் விட்டுவிட்டு 'பஃப், பஃப்' என்று அடிக்கிறது. தேனியில் ஒரு பட்டறையில் காட்டினேன். இன்ஜின் கூண்டைக்கூடத் திறக்காமல், "இந்த பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு பியூஜோ 4.90 டீசல் மாட்டலாம், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும்" என்றார்கள். வாரம் இரண்டு முறைதான் மலை ஏற்றம், மாதம் 350 கிலோமீட்டர் வரும். என்ன செய்யலாம்?

டீசல்காரன், கம்பம்

தம்பி, யோசிக்கவே வேண்டாம், டீசல் போடுங்கள். என் 1974 மாடல் ஜீப்பில் 2009-இல் 4.90 மாட்டினேன். பெட்ரோலில் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுத்த வண்டி கம்பம்மெட்டு ஏற்றத்தையும் சேர்த்துப் பதினொன்று கொடுக்கிறது. பாயிண்ட் தேய்வது, கார்புரேட்டரில் தண்ணீர் போவது, மழையில் பிளக் வயர் நனைவது எதுவும் கிடையாது. ஆள் ஏற்றும் வண்டி ஓட்டுபவன் சொல்கிறேன், காலையில் நான்கரைக்கு எடுத்தால் ஒரு நாள்கூட என்னைக் கைவிட்டதில்லை.

பழைய லேத், போடி

ஏலக்காடு தம்பி, பதினோராயிரமோ ஒரு லட்சமோ, செலவு எவ்வளவு என்பது பிறகு. முதலில் அளக்க வேண்டும். அளக்காமல் இன்ஜினைக் கழற்றச் சொல்பவர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடித்து, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொன்றிலும் ஒரு மூடி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஆயில் விட்டதும் அளவு நன்றாக ஏறினால் ரிங், போர் தேய்மானம். ஏறவே இல்லையென்றால் வால்வு, அல்லது ஹெட் கேஸ்கட். நல்ல நிலையில் இருக்கும் இந்த ஹரிகேன் இன்ஜின் 120 முதல் 130 பவுண்ட் அழுத்தம் வரை காட்ட வேண்டும். கேஜ் இல்லையென்றால் என் பட்டறையில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏலக்காடு, உடும்பன்சோலை

ஐயா, கேஜ் இங்கே நெடுங்கண்டத்து மெக்கானிக் ஆசானிடமே கிடைத்தது. இன்று காலை இரண்டு பேரும் சேர்ந்து அளந்தோம்.

ஒன்று 115, இரண்டு 110, மூன்று 60, நான்கு 112. ஆயில் விட்ட பிறகு 125, 121, 64, 122.

மூன்றாவது மட்டும் அசையவே இல்லை. ஆசான் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு மூன்றாவது சிலிண்டருக்குள் காற்று விட்டார். தண்ணீரில் குமிழி வரவில்லை. சைலன்சர் வாயில் காதை வைத்தால் 'ஸ்ஸ்' என்று கேட்டது.

பழைய லேத், போடி

தெளிவாகிவிட்டது. மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்கிறது. மற்ற மூன்றும் ஐம்பது வயது வண்டிக்கு நன்றாகவே இருக்கின்றன.

இது ஏன் எரிந்தது என்று சொல்கிறேன், அது தெரியாமல் புது வால்வு போட்டால் அடுத்த வருடமும் எரியும். இந்த இன்ஜினின் அமைப்பு மற்றவற்றைப் போல இல்லை. இன்லெட் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில் இருக்கும். அதனால்தான் எஃப் ஹெட் என்று பெயர். மேல் மூடியைக் கழற்றினால் இன்லெட் ராக்கர் கண்ணுக்குத் தெரியும், டேப்பட் வைப்பது, அதாவது வால்வுக்கு வேண்டிய இடைவெளி வைப்பது, ஐந்து நிமிட வேலை. எக்ஸாஸ்ட் டேப்பட் பிளாக்கின் இடது பக்கத்தில், மேனிஃபோல்டுக்குக் கீழே ஒரு தகட்டு மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. எஃப்சியில் அது இன்னும் கஷ்டம். இரண்டு சீட்டுக்கும் நடுவே இன்ஜினை மூடியிருக்கும் கூண்டைத் தூக்கிவிட்டு, சூடான மேனிஃபோல்டுக்கு அடியில் கையை விட்டு, இரண்டு ஸ்பானரும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடும் பிடிக்க வேண்டும். பெரும்பாலான மெக்கானிக்குகள் மேலே இருப்பதை மட்டும் வைத்துவிட்டு டேப்பட் முடிந்தது என்று அனுப்பிவிடுவார்கள்.

ஓட ஓட எக்ஸாஸ்ட் சீட் தேயும். சீட் தேய்ந்தால் வால்வு இன்னும் உள்ளே போய் உட்காரும், அதன் தண்டு டேப்பட்டை நெருங்கும், இடைவெளி குறையும். ஒரு கட்டத்தில் இடைவெளியே இல்லாமல் போய், சூட்டில் தண்டு நீளும்போது வால்வு முழுதாக மூடாது. அந்த மயிரிழைச் சந்தில் நெருப்பு பாய்ந்து விளிம்பைத் தின்றுவிடும். உங்கள் அப்பா எத்தனை தடவை எக்ஸாஸ்ட் டேப்பட் வைத்தார் என்று அவரது பழைய நோட்டு ஏதாவது இருந்தால் பாருங்கள்.

குளிர்ந்த நிலையில் இன்லெட் 18 தவ்சண்ட், எக்ஸாஸ்ட் 16 தவ்சண்ட் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தவ்சண்ட்). இதை எங்காவது எழுதி ஒட்டி வையுங்கள்.

சேஸிஸ், கொழிஞ்சாம்பாறை

லேத் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டீசல் மாட்டலாமா என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எஃப்சியின் எடை எங்கே இருக்கிறது என்பது. இன்ஜின், கேபின், ஓட்டுபவர் எல்லாம் முன் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் வெறும் தட்டு. அமெரிக்காவில் ஆரம்பத்தில் வந்த எஃப்சி 150-இல் பின்பக்கச் சட்டத்தில் ஒரு இரும்புக் கட்டியைப் பூட்டியே அனுப்பினார்கள், காலி வண்டி பிரேக் அடித்தால் பின்புறம் தூக்கக்கூடாது என்று. அப்படிப்பட்ட வண்டியில் பெட்ரோல் இன்ஜினைவிடக் கனமான டீசலை முன்னால் ஏற்றிக்கொண்டு, நான்கு பக்கமும் டிரம் பிரேக்குடன், காலியாகப் போடிமெட்டு இறங்குவதை யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, 4.90 என்றால் நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர் என்று அர்த்தம். ஸ்ட்ரோக் 83. கணக்குப் போட்டால் 2112 சிசி. உங்கள் ஹரிகேன் 2199 சிசி. இழுவை போதவில்லை என்று சொல்லி அதைவிடச் சின்ன இன்ஜினை மாட்டுகிறோம். ஹரிகேனுக்கு 75 குதிரைத்திறன், 4.90-க்கு 62.

டீசல்காரன், கம்பம்

சேஸிஸ் தம்பி, அந்த 75 என்பது அமெரிக்கக் கணக்கு. அந்தக் காலத்தில் ஃபேன், சைலன்சர் எதுவும் மாட்டாமல் பெஞ்சில் வைத்து அளந்தது. வண்டியில் மாட்டினால் அவ்வளவு வராது. ஆகவே இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் இழுவைக்காக மாற்றச் சொல்லவில்லை, டீசல் செலவுக்காகச் சொல்கிறேன். மலை ஏற்றத்தில் பெட்ரோல் எப்படிக் குடிக்கும் என்று தினம் ஓட்டுபவனுக்குத்தான் தெரியும்.

எடை விஷயம் நீங்கள் சொல்வது சரி. என்னுடையது மூக்குள்ள ஜீப், எஃப்சி இல்லை. அதை நான் யோசிக்கவில்லை.

சேஸிஸ், கொழிஞ்சாம்பாறை

அண்ணே, ஒத்துக்கொள்கிறேன், 75 வெறும் பெஞ்சு அளவுதான். செலவுக் கணக்கு மட்டும் பார்த்துவிடலாம். மாதம் 350 கிலோமீட்டர். பெட்ரோலில் ஆறு என்றால் 58 லிட்டர், டீசலில் பதினொன்று என்றால் 32 லிட்டர். மாதம் 26 லிட்டர் மிச்சம். ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை அதில் எடுக்க ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். நீங்கள் தினம் நெடுங்கண்டம் போய்வருபவர், உங்களுக்கு ஒரு வருடத்தில் வந்துவிடும். ஏலக்காடு அண்ணனுக்கு அப்படிச் சீக்கிரம் வராது.

குமுளி மழை, குமுளி

நான் வண்டிப் பேப்பர் வேலை பார்க்கிறேன். ஒன்று சொல்லியாக வேண்டும். ஆர்சி புத்தகத்தில் பெட்ரோல் என்று இருக்கும் வண்டியில் டீசல் மாட்ட, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மாட்டிவிட்டுப் போய்க் கேட்பது இல்லை. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில்தான் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று உறுதியாகச் சொன்னது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் சோதனை கடுமை. அதோடு 15 வருடம் கடந்த தனியார் வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பழைய வண்டிகளுக்குப் பிறகு இன்னும் ஏறியது. அந்த நாளில் இன்ஜின் நம்பர் ஆர்சியோடு ஒத்துப்போகவில்லையென்றால் வண்டி அங்கேயே நிற்கும். செக்போஸ்ட் தாண்டி இரண்டு மாநிலத்திலும் ஓடும் வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை அண்ணா.

ஏலக்காடு, உடும்பன்சோலை

நன்றி அக்கா. முடிவு செய்துவிட்டேன், அப்பாவின் இன்ஜினே இருக்கட்டும். நாளை ஹெட் கழற்றுகிறோம்.

அவரது நோட்டைத் தேடி எடுத்தேன். ஏலக்காய்க் கணக்கு எழுதிய அதே நீள நோட்டு. 'எக்ஸாஸ்ட் டேப்பட் வைத்தது' என்று கடைசியாக எழுதியிருப்பது 2011 மார்ச். அதற்குப் பிறகு அவருக்கு முட்டி வலி. கேபினுக்குள் குனிந்து உட்கார்ந்து அந்த வேலையைச் செய்ய முடியாமல் போயிருக்கிறது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

பின்பக்கச் சட்டத்தின் அடியில் ஒரு இரும்புக் கட்டி எங்கள் வண்டியிலும் இருக்கிறது. டிங்கர் வேலைக்கு விட்டபோது அதைக் கழற்றி எடைக்குப் போடலாமா என்று கேட்டார்கள். கூடவே கூடாது என்று அப்பா சண்டை போட்டது நினைவிருக்கிறது. காரணம் இன்றைக்குத்தான் தெரிந்தது.

பழைய லேத், போடி

தம்பி, அவசரமாக ஒன்று. ஹெட் கழற்றும்போது வெளியே தெரியும் போல்ட்டுகளை எல்லாம் எடுத்த பிறகும் ஹெட் வராது. நெம்பாதீர்கள். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு அந்தத் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இன்லெட் பாதை ஹெட்டுக்குள்ளேயே வார்த்தது, அதற்குள் ஒரு போல்ட் ஒளிந்திருக்கும். தெரியாமல் கடப்பாரை போட்டு ஹெட்டை உடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஏலக்காடு, உடும்பன்சோலை

ஐயா, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். ஆசான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டார். டார்ச் அடித்ததும் கரிக்குள் போல்ட் தலை தெரிந்தது.

மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் சுண்டுவிரல் நகத்தின் கால்வாசி அளவுக்கு ஒரு பள்ளம், எலி கடித்த கொப்பரை மாதிரி. அதற்கு நேரே சீட்டிலும் கறுத்த கோடு. மற்ற மூன்று வால்வின் விளிம்பும் சாம்பல் நிறத்தில் சீராக இருந்தன. ஆனால் நான்கிலும் டேப்பட் இடைவெளி 16 தவ்சண்ட் இல்லை. அதிகமாக இருந்தது இரண்டாவது, அதுவே 9. மூன்றாவதில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை.

பிறகு போர் அளந்தோம். மேலே ரிங் நிற்கும் இடத்தில் 79.98, அடியில் 79.89. ஆசான் இதை எப்படிப் படிக்கிறார் என்றால், கம்பெனி அளவு 79.38, அதனால் எப்போதோ 20 தவ்சண்ட் ஓவர்சைஸ் போர் போட்டிருக்கிறார்கள், அதற்குப் பிறகு தேய்ந்தது வெறும் 0.09 மில்லிமீட்டர். மறுபடி போர் போடத் தேவையா?

பழைய லேத், போடி

தேவையில்லை. ஹோனிங் (போர் சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்குவது) செய்து புது ரிங் செட் போடுங்கள், போதும். அடுத்த தலைமுறைக்கு 30, 40 ஓவர்சைஸ் இன்னும் மிச்சம் இருக்கிறது, அதை இப்போதே தின்றுவிடக்கூடாது. மேலே தேயாமல் நிற்கும் விளிம்பை மட்டும் ரீமரால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் புது ரிங் அதில் இடித்து உடையும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த பிளாக்குகள் எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விடும். வால்வு எரிந்த இடம் என்றால் சந்தேகம் இன்னும் அதிகம். பிளாக்கை இறக்கிக் கொண்டுவாருங்கள், சிவப்புச் சாயம் அடித்துப் பார்ப்போம்.

ஏலக்காடு, உடும்பன்சோலை

போன ஞாயிற்றுக்கிழமை பிளாக் ஐயாவின் பட்டறைக்குப் போனது. நடந்ததை எழுதிவிடுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

பிளாக்கைத் துடைத்துவிட்டு சிவப்புச் சாயம் அடித்தார். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்புறம் சாயத்தைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடர் ஸ்ப்ரே. விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய சாயம் வெள்ளையில் ரத்தக்கோடு போல ஊறி வரும். மூன்றாவது சீட் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒன்றும் வரவில்லை. ஐயா லென்ஸ் வைத்துப் பார்த்து, "பிழைத்தது" என்றார். அந்தச் சொல்லுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

எக்ஸாஸ்ட் சீட் தனி வளையமாகப் பதித்திருந்தது. நான்கையும் எடுத்துவிட்டுக் கடினமான புது வளையம் பதித்தார். நான்கு புது எக்ஸாஸ்ட் வால்வு, எட்டு கைடு, ரிங் செட், மெயின் பேரிங், கன்ராட் பேரிங், கேஸ்கட் செட். கிராங்க் ஜர்னல் பாலிஷ் மட்டும். எல்லாம் சேர்த்து இதுவரை 46,000 ஆகியிருக்கிறது.

இனி இன்ஜினை மேம்படுத்துவதென்றால் என்ன செய்யலாம்? ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை ஏற்றலாமா என்று ஒருவர் கேட்டார்.

பழைய லேத், போடி

ஹெட்டை மட்டம் பார்க்கும் அளவுக்குச் சீவினால் போதும். இந்த மெயின் பேரிங்குகளுக்கும் இந்த வார்ப்புக்கும் அதற்கு மேல் பாரம் தர வேண்டாம். மேம்படுத்த வேண்டிய இடங்கள் வேறு.

முதலில் இக்னிஷன். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்து அட்வான்ஸ் வெயிட் சுலபமாக அசைகிறதா பாருங்கள். ஐம்பது வருட கிரீஸில் அவை ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்பீடு ஏறினாலும் டைமிங் முன்னேறாது. வண்டி சூடாகும், இழுக்காது, எல்லோரும் ரேடியேட்டரைக் குற்றம் சொல்வார்கள். அதைச் சரிசெய்துவிட்டுப் பாயிண்டுக்குப் பதில் அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உட்காரும் எலக்ட்ரானிக் கிட் போடுங்கள். டைமிங் ஐடிலில் ஐந்து டிகிரி முன்னால்.

இரண்டாவது, பெட்ரோல். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அது ஊறவைத்துப் பிய்த்துவிடும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், உங்கள் ஊர் மழைக்கு டேங்க்கில் துருவும் கிளம்பும். எத்தனால் தாங்கும் ஹோஸ், டயாஃப்ரம், டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவே கண்ணாடி ஃபில்டர். எத்தனாலில் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான், அதற்குள்ளேயே ஆக்சிஜனும் இருக்கிறது, அதனால் கலவை மெலியும். கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக வைத்துப் பிளக் நிறம் பாருங்கள். மெலிந்த கலவையும் எக்ஸாஸ்ட் வால்வைச் சுடும்.

சேஸிஸ், கொழிஞ்சாம்பாறை

ஐயா, தெர்மோஸ்டாட்? இந்தப் பக்கம் எல்லோரும் அதைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள்.

பழைய லேத், போடி

திரும்பவும் போட வேண்டும், 82 டிகிரி. உடும்பன்சோலைக் குளிரில் தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சூடேறவே அரை மணி நேரம் எடுக்கும். அதுவரை பெட்ரோல் போரைக் கழுவும், ஆயில் சேறாகும். அதைவிட முக்கியம் ரேடியேட்டர் மூடி. மலை மேலே போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், 1,400 மீட்டரில் 95 டிகிரிக்கே கொதித்துவிடும். மூடியின் ஸ்பிரிங் தரும் அழுத்தம்தான் அதைத் தடுக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடியை வைத்துக்கொண்டு ரேடியேட்டருக்குக் குழாய் வரிசை கூட்டுவதில் பயனில்லை.

டீசல்காரன், கம்பம்

இதை என் வண்டியிலும் பார்த்தேன். மூடி ரப்பர் வெடித்திருந்தது. இன்றே மாற்றிவிட்டேன். நன்றி ஐயா.

ஏலக்காடு, உடும்பன்சோலை

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. மொத்தம் 58,000, எலக்ட்ரானிக் கிட்டும் ஹோஸ்களும் சேர்த்து. கம்ப்ரஷன் நான்கிலும் 122-லிருந்து 126-க்குள். சூடான பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 35 பவுண்ட்.

முதல் 500 கிலோமீட்டர் காலியாகவே ஓட்டினேன். நேற்று போடியில் பன்னிரண்டு மூட்டை புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு ஏறினேன். ஆசானும் கூட வந்தார், கூண்டின் மேல் கையை வைத்தபடியே. எட்டாவது வளைவில் என் கை தானாக ஃபர்ஸ்டுக்குப் போனது. ஆசான் என் கையைத் தட்டிவிட்டார். செகண்டிலேயே திரும்பியது. பத்து, பன்னிரண்டு, பதினான்கு. எதிரே பஸ் வந்ததால் பதினைந்தில் மட்டும் நிற்க வேண்டியிருந்தது. அங்கே ஃபர்ஸ்ட் போட்டு எடுத்தேன். மேலே போய் நிறுத்தியபோது முள் நடுவிலிருந்து ஒரு கோடுதான் தாண்டியிருந்தது. மைலேஜ் ஏழு வருகிறது.

இறங்கும்போதுதான் மனது நிம்மதியாக இல்லை. பிரேக் பெடல் கொஞ்சம் ஆழமாகப் போகிறது. இப்போது இருப்பது ஒரே லைனில் நான்கு சக்கரமும் போகும் மாஸ்டர் சிலிண்டர். அதைத் தனி இழையில் கேட்கிறேன், சேஸிஸ் தம்பி வர வேண்டும்.

டீசல்காரன், கம்பம்

மகிழ்ச்சி தம்பி. தினமும் ஆள் ஏற்றும் வண்டிக்கு இன்னும் டீசல்தான் என்பேன், அதில் மாற்றம் இல்லை. உங்கள் வண்டிக்கு நீங்கள் செய்தது சரி. பிரேக் லைனைத் திறப்பதற்கு முன் பின் சக்கர வீல் சிலிண்டர் கசிகிறதா பாருங்கள், என்னுடையதில் பெடல் ஆழமாகப் போனது அதனால்தான்.

பழைய லேத், போடி

தம்பி, 800 கிலோமீட்டர் ஆனதும் வண்டியை ராத்திரி முழுக்கக் குளிரவிட்டு, காலையில் ஹெட் போல்ட்டுகளை மறுபடி 65 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள். உள்ளே ஒளிந்திருப்பதையும் சேர்த்து. அதே காலையில் எக்ஸாஸ்ட் டேப்பட்டைப் பாருங்கள், புது சீட் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும். வைத்துவிட்டு அப்பாவின் நோட்டில் தேதி எழுதுங்கள்.